தாப்பா மலையில் லாரி ஓட்டியவன்

தானா ராத்தா, கேமரன் மலை
1943 ஜனவரி 17

பிரியமுள்ள அக்காவுக்குத் தம்பி பரஞ்சோதி எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் ராமையா மாமாவும் குழந்தை புஷ்பவள்ளியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு.

சிடாம் கிரி தோட்டத்து லாரியைப் பிடுங்கிக்கொண்டு, அதை ஓட்டுகிறவன் என்று என்னையும் ஜப்பான்காரர்கள் கூட்டிப்போன அன்று நீ காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம்வரை அழுதுகொண்டே ஓடிவந்தாய். இனி அழ வேண்டாம். கொண்டுவந்து விட்டிருக்கும் இடத்தைக் கேட்டால் சிரிப்பாய். பேராக்கில் தாப்பா என்று ஓர் ஊர். அங்கிருந்து நாற்பது மைல் மலைமேல் ஒரே ஏற்றம். உச்சியில் தானா ராத்தா. வெள்ளைக்காரத் துரைமார் குளுமை தேடி வந்த பங்களாக்களில் இப்போது ஜப்பான் அதிகாரிகள் இருக்கிறார்கள். நான் மேலிருந்து முட்டைக்கோசும் தேயிலையும் தாப்பா ரோட் ரயிலடிக்கு இறக்குகிறேன். அங்கிருந்து அரிசியும் உப்பும் மேலே ஏற்றுகிறேன்.

அந்தச் சாலையை உனக்கு எப்படிச் சொல்வேன் அக்கா. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எட்டிப் பார்த்தால் பெரிய மரங்களின் உச்சிதான் தெரியும். ஒரு வளைவைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். வழியில் ஓர் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. அதன் சாரல் லாரிக் கண்ணாடியில் அடிக்கும். மேலே போகப் போக வெயிலில் சூடு இருக்காது. கடைசியில் மேகம் நம் காலுக்குக் கீழே போய்விடுகிறது. மேகத்துக்கு மேலே லாரி ஓட்டுகிறான் உன் தம்பி.

பெட்ரோல் கிடையாது. லாரிக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கரிப்புகையில்தான் எஞ்சின் ஓடுகிறது. ஏற்றத்தில் கொஞ்ச தூரம் போனாலே அதற்கு மூச்சு வாங்கும். நிற்கும்போதெல்லாம் கிளினர் குழந்தைவேலு குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். அவன் கூலிம் பக்கத்து ஆள், என் வயதுதான் இருக்கும். எனக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் முதல் வாரமே முடியாது என்று படுத்துவிட்டார். இன்னொருவர் லாரியோடு பள்ளத்தில் போய்விட்டார். நான் இன்னும் வண்டியில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் விடுகிறார்கள். சுக சமாசாரம் மட்டும் எழுது. மாமாவுக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தம்.

உன் பிள்ளை போன்ற
பரஞ்சோதி

&nbsp;

சிடாம் கிரி தோட்டம்
1943 பிப்ரவரி 20

செல்வத் தம்பி பரஞ்சோதிக்கு அக்காள் பிச்சையம்மாளின் ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் நலம். உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா?

உன் கடிதம் வந்தது. மாமா சத்தமாக ஒருமுறை படித்தார். நான் தனியாகப் பலமுறை படித்துவிட்டேன். குழாயடியிலும் சொன்னேன். பக்கத்து வீட்டுக் காளியம்மா, "மேகத்துக்கு மேலயா? உன் தம்பி நல்லா அளக்குறாண்டி" என்றாள். "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, நாங்க நம்புறோம்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மா இறந்தபோது, இந்தப் பிள்ளை எங்கே தேறப்போகிறது என்று கேட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

ரப்பர் பால்வெட்டு நின்றுவிட்டது. மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு மரவள்ளி நடச் சொல்கிறார்கள். கிழங்குதான் சாப்பாடு. புஷ்பவள்ளி அரிசிச்சோறு கேட்டு அழுவதை இப்போது விட்டுவிட்டாள். நீ வளைவுகளில் அவசரப்படாதே. உன் திறமையை யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு உன் நினைவாகவே இருக்கும்
பிச்சையம்மாள்

தம்பி, கீழே நான் ஒரு வரி சேர்க்கிறேன். உன் அக்காள் பெருமையடித்து முடிப்பதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிடுகிறது என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னிடம் முறையிடுகிறார்கள். சீக்கிரம் ஒருமுறை நேரில் வந்து எங்களைக் காப்பாற்று. – ராமையா

&nbsp;

தானா ராத்தா
1943 ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் பரஞ்சோதியின் வணக்கம். நான் சுகம். உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதவும். மாமா எழுதிய வரியைக் குழந்தைவேலுவிடம் படித்துக் காட்டினேன். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது பனிக்காலம் போலிருக்கிறது. பிற்பகலானால் மலை முழுவதும் வெள்ளையாக மூடிக்கொள்ளும். லாரியின் மூக்குக்கூடத் தெரியாது. மற்ற டிரைவர்கள் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் ஓட்டுகிறேன். எப்படி என்று இங்குள்ள அதிகாரி ஒருநாள் கேட்டார். இடது பக்கம் மலைச்சுவர் வரும்போது எஞ்சின் சத்தம் திரும்பிக் காதில் அடிக்கும், பள்ளம் வரும்போது சத்தம் கரைந்து போய்விடும், அதைக் கேட்டுக்கொண்டே திருப்புகிறேன் என்றேன். மொழிபெயர்ப்புக்காரர் சொன்னதும் அவர் என் தோளில் தட்டினார். மறுநாள் கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை கொடுத்தார். இனி என்னை வழியில் யாரும் மறிக்க மாட்டார்கள்.

மாமாவுக்கு நான் ஒரு பாஸ் வாங்க முயற்சி செய்கிறேன். சுங்கைப்பட்டாணியில் ரயிலேறினால் தாப்பா ரோட்டில் நான் நிற்பேன். முன்சீட்டில் உட்காரவைத்து மேலே கூட்டிப்போவேன். அவர் திரும்பி வந்து குழாயடியில் சாட்சி சொல்லட்டும். மாமா, எப்போது வருகிறீர்கள் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்புக்குரிய
பரஞ்சோதி

&nbsp;

சிடாம் கிரி தோட்டம்
1943 ஜூன் 6

தம்பி பரஞ்சோதிக்கு அக்காள் ஆசீர்வாதம். நாங்கள் நலம். நீ நலமா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கிழங்குக்குக் களை எடுக்கிறோம், கை ஒழியவில்லை. மாமாவால் இப்போது வர முடியாது. பாஸுக்காக யாரிடமும் போய் நிற்காதே. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ போகும் ரயிலடியில் வடக்கே போகும் வண்டிகளைப் பார்க்கிறாயா? அதில் நம் ஆட்கள் போகிறார்களா? அவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர் ஏதும் கொடுக்கிறார்களா? சும்மாதான் கேட்டேன். தெரிந்தால் எழுது.

கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிச்சையம்மாள்

&nbsp;

தானா ராத்தா
1943 ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்குப் பரஞ்சோதி வணக்கம். நான் சுகம். குழந்தைக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? மாமா இந்தத் தடவை ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. என்மேல் கோபமா என்று கேட்டு எழுது.

நீ வடக்கே போகும் ரயிலைப் பற்றிக் கேட்டாய். கேட்ட நேரம் எனக்கே அந்த வேலை வந்தது. போன செவ்வாய்க்கிழமை இங்கேயுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து நம் ஆட்கள் நாற்பது பேரைக் கீழே இறக்கினேன். சயாமில் ரயில்பாதை போடுகிறார்களாம். மூன்று மாத வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம் என்று அதிகாரி சொன்னார். பெண்கள் லாரியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எல்லாரும் திரும்பி வரப்போகிறவர்கள்தானே என்று ஆறுதல் சொன்னேன்.

அன்றைக்கு மழை. சாலையில் மண் சரிந்து கிடந்தது. நாற்பது உயிரை வைத்துக்கொண்டு இறங்குவது கோசு இறக்குவது மாதிரி இல்லை அக்கா. ஒரு வளைவில் பின்சக்கரம் விளிம்புவரை போய்விட்டது. உள்ளே ஒருவரும் கத்தாதபடி மெல்ல இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒருவர் தலையில்கூட இடிபடவில்லை. இறங்கும்போது பழனியாண்டி என்ற பெரியவர், "பத்திரமா கொண்டாந்து சேத்துட்டே தம்பி, நல்லா இரு" என்றார். அதிகாரி எனக்கு ஒரு டின் மீன் கொடுத்தார். அதை உனக்கு அனுப்ப வழி பார்க்கிறேன்.

ரயிலில் சாப்பாடு கொடுத்தார்களா என்று நான் கவனிக்கவில்லை. அடுத்த முறை பார்த்து எழுதுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
பரஞ்சோதி

&nbsp;

தானா ராத்தா
1943 செப்டம்பர் 5

அக்காவுக்குப் பரஞ்சோதி வணக்கம். இங்கே சுகம். அங்கே சுகம்தானா?

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நான் எழுதியது வந்து சேர்ந்ததா? யாருக்காவது உடம்பு சரியில்லையா? மாமாவையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

ரயிலடியில் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் இறக்கிவிட்ட ஆட்களில் ஒருவர்கூட வீட்டுக்கு இன்னும் கடிதம் போடவில்லையாம். தோட்டத்துப் பெண்கள் நான் லாரியில் போகும்போது வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள். அடுத்து ஒரு தொகுதி ஆட்களை இறக்க வேண்டும் என்று பேச்சு இருக்கிறது.

நீ எழுது அக்கா. திட்டியாவது எழுது.

பரஞ்சோதி

&nbsp;

சிடாம் கிரி தோட்டம்
1943 செப்டம்பர் 14

பரஞ்சோதிக்கு,

நானும் குழந்தையும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் கடிதத்தை ரயில்வேயில் வேலை செய்யும் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

மாமாவை மே மாதமே சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலைப் பெரட்டில் அம்மாசி கங்காணி பெயர்களை வாசித்தான். வாசலில் லாரி நின்றது. மாமா வெறும் உடம்போடு வந்திருந்தார். "வீட்ல போயி சட்டை போட்டுக்கிட்டு வந்துர்றேன்" என்றார். விடவில்லை. நான் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். லாரி போய்விட்டது. அந்தச் சட்டை இங்கேதான் கொடியில் தொங்குகிறது.

உனக்குச் சொன்னால் நீ ஆத்திரத்தில் ஏதாவது செய்து சாவாய் என்று பயந்தேன். எனக்கு மிச்சமிருப்பது நீ ஒருவன்தான் என்று மறைத்தேன். பிறகு நீ ஜூலையில் எழுதிய கடிதம் வந்தது. நாற்பது பேரைச் சேதமில்லாமல் இறக்கினேன் என்று எழுதியிருந்தாய். படித்தேன். இங்கே மாமாவை ஏற்றிய லாரியை ஓட்டியவனும் நம்மவன்தான். அவனுக்கும் ஓர் அக்காள் இருப்பாள். அவளிடம் அவன் என்ன எழுதியிருப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை.

உன்னை இன்னது செய் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன்னைச் சாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஓட்டும் லாரியைப் பற்றிக் குழாயடியில் நான் இப்போது பேசுவதில்லை.

பிச்சையம்மாள்

&nbsp;

தானா ராத்தா மருத்துவமனை
1943 நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்குப் பரஞ்சோதி வணக்கம். நான் சுகம். இதை எனக்காக எழுதுகிறவர் இங்கே காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் சிரில். நல்ல மனிதர். அவர் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. வழுக்கி விழுந்ததில் என் இடது கை ஒடிந்திருக்கிறது. வலது கையிலும் வீக்கம். கொஞ்ச நாளைக்கு லாரி ஓட்ட முடியாது. கொஞ்சம் தேறியதும் உட்கார்ந்து கோசுக்கு இலை கிள்ளும் வேலை தருவார்களாம்.

நம் தோட்டம் இருக்கும் கெடாவைச் சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். இனி நம் கடிதங்கள் நாடு விட்டு நாடு போக வேண்டும். இது எப்போது வந்து சேருமோ தெரியாது.

நீ செப்டம்பரில் எழுதியது கிடைத்தது. நீ சொன்னபடியே செய்துவிட்டேன். வேறு எதுவும் எழுதுவதற்கில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்.

பரஞ்சோதிக்காக, சிரில்

&nbsp;

சிடாம் கிரி தோட்டம்
1944 பிப்ரவரி 13

என் உயிருக்கு உயிரான தம்பி பரஞ்சோதிக்கு அக்காள் கோடி ஆசீர்வாதம். கை சேர்ந்ததா? சோறு பிசைந்து சாப்பிட முடிகிறதா? யார் உனக்குத் துணி துவைத்துப் போடுகிறார்கள்? இதையும் அந்த ரயில்வேக்காரர் கையில்தான் கொடுத்துவிடுகிறேன், படித்ததும் கிழித்துப் போடு.

வழுக்கி விழுந்தேன் என்று எழுதினாய். நானும் அதை நம்பிக்கொண்டு கோபத்தை விடாமல் இருந்தேன். போன வாரம் ஒரு மனிதன் வாசலில் வந்து நின்றான். எலும்பும் தோலுமாக இருந்தான். "பரஞ்சோதி அக்கா வீடு இதானே? நான் குழந்தைவேலு, கிளினரு" என்றான். கிழங்கு அவித்துக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்தான். பிறகு பேசினான். அவன் சொன்னதை அப்படியே உனக்கு எழுதுகிறேன். விட்டது எதுவும் இருந்தால் நீயே சொல்.

"உங்க கடுதாசியப் படிச்சதும் அண்ணன் அதக் கிழிச்சு அடுப்புல போட்டாருக்கா. மறுவாரம் ரெண்டாவது தடவையா ஆளுங்கள ஏத்துனாங்க. வண்டிய எடுக்குறதுக்கு முந்தி என்கிட்ட வந்து, ‘வேலு, அடுப்புல ஈரக்கரி போடு’ன்னாரு. ஏண்ணேன்னு நான் கேக்கல. போட்டேன்.

"அதிகாரி காரு முன்னால போயிருச்சு. முன்சீட்ல அண்ணன், நடுவுல நானு, ஓரத்துல துப்பாக்கியோட ஜப்பான் சோல்ஜரு. பின்னால ஆளுங்களோட ஒரு மலாய்க்காரப் போலீஸ். பனின்னா அப்படிப் பனி. அருவிக்கு மேல ஒரு வளைவுல எஞ்சின் செத்துப் போச்சு. அண்ணன் இறங்கி அடுப்பத் தொறந்து காமிச்சாரு, நெருப்பு அவிஞ்சு போச்சு, வண்டி உருளும், ஆளுங்க இறங்கிக் கல்லு வைக்கணும்னு கையால சொன்னாரு. சோல்ஜரும் பாத்தான், பக்கத்துலயே பள்ளம். அவனுக்கும் பயம்தான். இறக்குன்னுட்டான்.

"அண்ணன் ஆளுங்களப் பாத்துக் கத்துனாரு பாருங்க. கங்காணியே தோத்துப்போவான். முகமெல்லாம் செவந்து, கைய நீட்டி நீட்டி வையிற மாதிரியே கத்துறாரு. ஆனா கத்துனது என்ன தெரியுமா? ‘கல்லு பொறுக்குற மாதிரி குனிஞ்சிட்டே போங்க. அருவித் தண்ணியப் பிடிச்சிட்டே கீழ இறங்குங்க. யாரும் வீட்டுக்குத் திரும்பாதீங்க. இது மூணு மாச வேலை இல்ல, என் மாமாவே திரும்பல.’ சோல்ஜருக்குத் தமிழ் தெரியாது. நல்லா வேலை வாங்குறான்னு நெனச்சுத் தலையாட்டிக்கிட்டு நின்னான்."

தம்பி, அதைக் கேட்டபோது நானும் காளியம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. காளியம்மா கேட்டாள், "அந்தப் போலீஸ்காரன் பாக்கலியா?"

"பாத்தான். பாத்துட்டு அந்தப் பக்கமாத் திரும்பி நின்னு ரொம்ப நேரம் ஒண்ணுக்கு இருந்தான்" என்றான் குழந்தைவேலு.

ஆட்கள் ஒவ்வொருவராகப் பனிக்குள் போய்விட்டார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் பயந்துபோய், கையில் கல்லோடு திரும்பி வந்து நின்றார்களாம். அவர்களையும் போகச் சொல்லி நீ மறுபடியும் கத்தினாயாம். அவர்கள் நகரவில்லை. சிப்பாய்க்கு அப்போதுதான் விளங்கியிருக்கிறது. துப்பாக்கிக் கட்டையால் உன்னை அடித்தான் என்று சொல்லும்போது குழந்தைவேலு தன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். கீழே கிடந்தும் நீ, கரிதான் ஈரம், கரிதான் ஈரம் என்று அந்த ஒன்றையே சொன்னாயாம்.

சுட்டுவிடுவான் என்றுதான் குழந்தைவேலு நினைத்திருக்கிறான். ஆனால் அந்தப் பனியில் அந்த மலையிலிருந்து இறங்க வேண்டுமே. சிப்பாய் சாலையைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், பிறகு ஓட்டு என்று துப்பாக்கிமுனைக் கத்தியை நீட்டினானாம்.

"ஈரக்கரியக் கொட்டிட்டு, சாக்கு அடியில கெடந்த காஞ்ச கரியப் போட்டு நான் மூட்டுனேன். அண்ணனுக்கு இடது கை தொங்குது அக்கா. கியர் போட முடியாது. வலது கையால மட்டும் ஸ்டீரிங்கப் பிடிச்சிருந்தாரு. ‘இப்ப’ம்பாரு, நான் கியர இழுப்பேன். வேற பேச்சே இல்ல. கண்ணாடியில ஒண்ணும் தெரியல, வெள்ளையா இருக்கு. தலைய வெளிய நீட்டிச் சத்தத்தக் கேட்டுக் கேட்டுத் திருப்புனாரு. அத்தன வளைவையும் ஒத்தக் கையில இறக்கிட்டாரு. கீழ வந்ததும் சோல்ஜர் இறங்கி ரோட்டோரத்துல உக்காந்து வாந்தி எடுத்தான். அண்ணன் எஞ்சின நிறுத்திட்டுத்தான் மயங்கி விழுந்தாரு."

விசாரணையில் ஈரக்கரியைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை என்றும், மலையில் ஓட்டத் தெரிந்த ஆளைக் கொல்ல அதிகாரிக்கு மனமில்லை என்றும் சொன்னான். கரி போட்டவன் என்று தன்மேல் சந்தேகம் திரும்பியதால் அவன் ஓடிவந்துவிட்டான். அவனை லயத்தில் ஒளித்துவைத்திருக்கிறோம். என் தம்பி மாதிரி இருக்கட்டும்.

நேற்றுக் குழாயடிக்குப் போனேன். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காளியம்மாவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வரிசையை விலக்கி முதலில் பிடிக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நிமிர்ந்துகொண்டு போய்ப் பிடித்தேன்.

அன்று எழுதிய கடிதத்துக்காக என்மேல் வருத்தப்படாதே. உன்னைப் பெற்றவள் இருந்தால் இன்று என்ன சொல்லியிருப்பாளோ அதையே நான் சொன்னதாக வைத்துக்கொள்.

உன்னால் தலைநிமிர்ந்து நடக்கும்
பிச்சையம்மாள்

&nbsp;

சிடாம் கிரி தோட்டம்
1945 நவம்பர் 19

தம்பி பரஞ்சோதிக்கு அக்காள் ஆசீர்வாதம். சண்டை முடிந்து தபால் ஓட ஆரம்பித்துவிட்டது. நானும் புஷ்பவள்ளியும் சுகம். உன் கை மழைக்கு வலிக்கிறதா?

சயாமிலிருந்து ஆட்களை ரயிலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். நான் தினமும் சுங்கைப்பட்டாணி ரயிலடிக்குப் போய் நின்றேன். நம் தோட்டத்திலிருந்து போன ஒருவர் வந்தார். மாமா அங்கே போன முதல் மழைக்காலத்திலேயே வாந்திபேதியில் போய்விட்டாராம். கடைசியாகத் தண்ணீர் கொடுத்தது தான்தான் என்று அவர் சொன்னார். அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டேன். காரியம் முடிந்துவிட்டது. குழந்தைவேலு மகன் இடத்திலிருந்து எல்லாம் செய்தான்.

நீ போன வருஷம் ஆள் மூலம் அனுப்பிய நாலு வரியை வைத்திருக்கிறேன். என்னைப் பற்றிப் பெருமைப்படாதே, முதல் தடவை நான் இறக்கிய நாற்பது பேர் என் கண்ணிலேயே நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கு அப்போது பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. சுங்கைப்பட்டாணியில் வந்து இறங்குகிறவர்களை நான் பார்த்தேன். வீட்டுக்குப் போக ஒருவருக்கும் காலில் பலம் இல்லை. உன் ரயிலடிக்கும் வருவார்கள். அவர்கள் அந்த மலையில் நடந்து ஏற முடியாது. நீ லாரியை எடுத்துக்கொண்டு போய் நில். அவர்கள் உன்னைத் திட்டினால் கேட்டுக்கொள். துப்பினால் துடைத்துக்கொள். ஆனால் நீயே போ.

பிச்சையம்மாள்

&nbsp;

தானா ராத்தா
1945 டிசம்பர் 16

அன்புள்ள அக்காவுக்குப் பரஞ்சோதியின் வணக்கம். மாமாவின் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் யாரையும் பார்க்கவில்லை. அவரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவர ஆசைப்பட்டேன். அதை இனி எழுதிப் பயனில்லை. புஷ்பவள்ளிக்கு இனி நான் இருக்கிறேன்.

என் கை கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது. கியர் போட முடிகிறது. நீ சொன்னதற்காகத்தான் போனேன் என்பதை மறைக்க மாட்டேன். நானாகப் போகத் தைரியம் இல்லாமல் இருந்தேன். தோட்டத்தில் கேட்டு லாரி வாங்கினேன். இப்போது பெட்ரோல் கிடைக்கிறது. மூன்று நாள் ரயிலடியில் நின்றேன். நாலாம் நாள் வந்தார்கள்.

முதல் தடவை இறக்கியவர்களில் ஒன்பது பேர் வந்தார்கள் அக்கா. மற்றவர்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை. சாக்கைக் கட்டிக்கொண்டு, காலெல்லாம் புண்ணோடு இருந்தார்கள். பழனியாண்டிப் பெரியவர் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றார். அன்று இறங்கும்போது நல்லா இரு என்று என்னை வாழ்த்தியவர். நான் அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அன்னிக்கும் நீதானே ஓட்டுன?"

"ஆமாங்க. நான்தான்."

"ரெண்டாவது லோடு ஆளுங்களத் தப்பிக்க விட்டுட்டியாமே. ரயிலடியில சொன்னாங்க."

"ஆமாங்க. மொதல்ல தெரியலீங்க."

"எங்களுக்கும்தான் தெரியல" என்றார். பிறகு குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார். "வா, ஏத்து. வேற யாரையும் நம்பி இந்த ரோட்ல நான் ஏற மாட்டேன்."

தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தேன். கனமே இல்லை. மற்றவர்களைப் பின்னால் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு மெதுவாக அந்தச் சாலையில் ஓட்டியதில்லை. ஒரு குழியில்கூடச் சக்கரத்தை இறக்கவில்லை. அருவி அருகே நிறுத்தி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தேன். ஒருவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, "குளுருது" என்று சிரித்தார். மேலே ஏற ஏறப் பெரியவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பனியைத் தாண்டித் தேயிலை தெரிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை விடவே இல்லை.

லாரிச் சத்தம் கேட்டுப் பெண்கள் கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வந்து சேர்ந்தவர்களை அவரவர் வீட்டுப் பெண்கள் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி மட்டும் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் புருஷன் இல்லை. இன்னொரு முறை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் என்னைத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு லாரிக்குள் ஏறினாள். எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒருவரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். "நீ கால்பக்கம் பிடி" என்று என்னிடம் சொன்னாள். பிடித்தேன். இருவருமாகச் சேர்ந்து எல்லாரையும் இறக்கினோம்.

அடுத்த ரயில் வியாழக்கிழமை வருகிறதாம். அதற்கும் நான்தான் போகிறேன். அவளும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள்.

உன் சொல் கேட்டு நடக்கும்
தம்பி பரஞ்சோதி